பில் பாக்கி இருக்கும் ஒப்பந்ததாரர் எம்.எல்.ஏ. தேர்தலில் நிற்கலாமா?

கேள்வி: நாங்கள் தேவகோட்டைக்காரர்கள். என் அண்ணன் மாநில நெடுஞ்சாலைத் துறையில் சாலைப் பணி ஒப்பந்ததாரர். கடைசியாக எடுத்த வேலையை முடித்துக் கொடுத்துவிட்டார். இறுதி பில் மட்டும் வரவில்லை. காரைக்குடி தொகுதியில் சுயேச்சையாக நிற்க விரும்புகிறார். அவருக்கு ஓட்டு சென்னையில் இருக்கிறது. "பில் பாக்கி இருந்தால் மனு தள்ளுபடியாகும். ஒப்பந்தத்தை மனைவி பெயருக்கு மாற்றி, எல்லாச் சான்றுகளையும் நானே வாங்கித் தருகிறேன்" என்று ஒருவர் 3 லட்சம் ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதைப் பொறுமையாகப் படிக்கலாம்.

1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 9ஏ பிரிவு. அந்த ஆள் காட்டும் பூச்சாண்டி இதுதான். மாநில அரசுக்குப் பொருள் வழங்கவோ அரசு வேலையைச் செய்து தரவோ தொழில்முறையில் ஒப்பந்தம் போட்டவர், அது நடப்பில் இருக்கும் வரை சட்டமன்ற உறுப்பினராக முடியாது. பலரும் இந்த வரியோடு புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். அதன் கீழேயே ஒரு விளக்கம் அச்சாகியிருக்கிறது. ஒப்பந்ததாரர் தன் பங்கை முழுமையாக முடித்திருந்தால், அரசு தன் பங்கை முடிக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒப்பந்தம் நடப்பில் இருப்பதாகக் கொள்ளக் கூடாது. அரசின் பங்கு என்பது பணம் கொடுப்பது. ஆகவே பில் பாக்கி அண்ணனுக்குத் தடையே அல்ல.

ஆனால் 'முழுமையாக' என்பதில்தான் ஆட்கள் விழுகிறார்கள். சாலை போட்டாயிற்று, வண்டி ஓடுகிறது, வேலை முடிந்தது என்று உங்கள் அண்ணன் நினைக்கலாம். சிறுபாலத்தின் கைப்பிடிச் சுவர் ஒன்று பாக்கி இருந்தாலும் ஒப்பந்தம் உயிரோடுதான் இருக்கிறது. எம்-புக்கில், அதாவது முடித்த வேலையின் அளவைத் துறை பதியும் புத்தகத்தில், கடைசி அளவு ஏறியிருக்கிறதா, பொறியாளர் கையெழுத்திட்டிருக்கிறாரா, பணி நிறைவுச் சான்று கைக்கு வந்துவிட்டதா என்று பாருங்கள். அடுத்து, ஒப்பந்தத்தில் பராமரிப்புக் காலம் என்று ஒரு பிரிவு இருக்கும். அந்தக் காலத்தில் குழி விழுந்தால் அடைத்துத் தரும் பொறுப்பு அண்ணனுடையது என்றால், "இவர் பங்கு இன்னும் முடியவில்லை" என்று எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து நிற்பார். அதற்குப் பதில் சொல்ல ஒப்பந்தத்தைப் படித்த ஒரு வக்கீல் வேண்டும். அப்படிப் பொறுப்பு மிச்சமிருந்தால், துறையிடம் எழுதிக் கொடுத்து ஒப்பந்தத்திலிருந்து விலகி, துறை அதை ஏற்றுக்கொண்ட உத்தரவையும் மனுப் பரிசீலனைக்கு முன்பே வாங்கிவிட வேண்டும். விலகல் கடிதம் கொடுத்த ரசீது மட்டும் போதாது.

வேலை முடித்தவனுக்கு மாதக்கணக்கில் பணம் தராத அதே அரசுதான், மனுத் தாக்கலன்று "உனக்கும் எனக்கும் ஒப்பந்தம் இருக்கிறதா?" என்று முகம் பார்த்துக் கேட்கிறது. முன்கூட்டியே சந்தேகம் கேட்டால் தேர்தல் நடத்தும் அலுவலர் பரிசீலனை நாளில் பார்க்கலாம் என்பார். அன்றைக்குத் தவறாகத் தள்ளுபடி செய்தால் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். முடிவு அறிவித்த 45 நாளுக்குள் வழக்குப் போட வேண்டும்; ஆறு மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் 2016இல் ராதாபுரத்தில் 49 ஓட்டில் தோற்ற தி.மு.க. வேட்பாளர் அப்பாவுவின் வழக்கில் மறுஎண்ணிக்கை நடந்ததே 2019 அக்டோபரில். அதன் முடிவை வெளியிடவும் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2021இல் அந்தச் சட்டமன்றத்தின் காலமே முடிந்துவிட்டது. அதனால் நீதிமன்றத்தை நம்பி குறையுள்ள காகிதங்களோடு போகாதீர்கள்.

இப்போது மனைவி பெயருக்கு மாற்றும் யோசனை. துறை ஒப்புக்கொள்ளாமல் ஒப்பந்தம் பெயர் மாறாது. நோட்டரியிடம் எழுதி வாங்குவதற்கு மதிப்பே இல்லை. மேலும், மனுவோடு தரும் படிவம் 26 என்ற உறுதிமொழிப் பத்திரம் மனைவியின் அரசு ஒப்பந்தங்களையும் கேட்கிறது. கூட்டுக் குடும்பம், பங்குதாரர் நிறுவனம், தனியார் கம்பெனி எதில் பங்கிருந்தாலும் எழுத வேண்டும். மறைப்பதற்காக மாற்றியதை நீங்களே எழுதிக் கொடுக்கும் வேடிக்கை அது.

அதே படிவத்தில் பூர்வீக வீட்டுக்கும் இடம் இருக்கிறது. நம் பக்கத்து வீடுகளில் முகப்பிலிருந்து இரண்டாம் கட்டு வரை எத்தனை புள்ளிக்கு, அதாவது எத்தனை தலைக்கட்டுக்கு, பங்கு என்று பங்காளிகளுக்கே கணக்குத் தெரியாது. "அதை விட்டுவிடுங்கள்" என்பார் இடைத்தரகர். விடாதீர்கள். தன் பங்கு எவ்வளவு, இன்றைய மதிப்பு எவ்வளவு என்று எழுத வேண்டும். எந்தக் கட்டத்தையும் காலியாக விடக் கூடாது. இல்லாததற்கு 'இல்லை' என்றே எழுத வேண்டும். காலியிடத்தைச் சுட்டிக்காட்டியும் நிரப்பாவிட்டால் மனுவைத் தள்ளலாம் என்று 2013இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஓட்டு சென்னையில் இருப்பது பிரச்சினையில்லை. தமிழ்நாட்டின் எந்தத் தொகுதி வாக்காளரும் காரைக்குடியில் நிற்கலாம். வாக்காளர் பட்டியலில் அவர் பெயருள்ள பகுதியின் சான்றிட்ட நகல் மட்டும் வேண்டும். முன்மொழிபவர்களுக்கோ அந்தச் சலுகை கிடையாது. சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டும். பத்துப் பேரும் காரைக்குடி தொகுதி வாக்காளர்களாக இருக்க வேண்டும். பொன்னமராவதி மச்சான் கையெழுத்துப் போட்டால் செல்லாது, அது திருமயம் தொகுதி.

இங்கேதான் தரகர்களின் பெரிய வியாபாரம் நடக்கிறது. பத்துக் கையெழுத்துக்கு இவ்வளவு என்று விலை பேசி, யாரோ போட்ட கையெழுத்தைக் கொண்டுவந்து தருகிறார்கள். 2017 டிசம்பரில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் நடிகர் விஷாலின் மனு எப்படிப் போனது? முன்மொழிந்தவர்களில் இருவர் அது தங்கள் கையெழுத்தில்லை என்று சொன்னதால் போனது. பத்தில் ஒன்று குறைந்தாலும் மனு இல்லை. அண்ணனுக்கு நேரில் தெரிந்தவர்களாக, அவர் கண்ணெதிரே கையெழுத்திடுபவர்களாகப் பிடியுங்கள். ஒரு வேட்பாளர் நான்கு மனுக்கள் வரை கொடுக்கலாம். வெவ்வேறு பத்துப் பேரைக் கொண்டு இரண்டு மனுவாவது கொடுப்பது நல்லது. டெபாசிட் ஒருமுறை கட்டினால் போதும்.

டெபாசிட், பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் அல்லாதவர்களுக்கு 10,000 ரூபாய். சட்டம் கேட்கும் பெரிய தொகை அதுதான். மூன்று லட்சத்தில் மீதி எங்கே போகிறது என்று அந்த ஆளிடம் கேட்டுப் பாருங்கள். 'நிலுவையில்லாச் சான்று' என்பார். அரசுக் குடியிருப்பில் கடந்த பத்தாண்டுக்குள் இருந்தவர்களுக்குத்தான் அது தேவை. சொந்த வீட்டில் இருக்கும் அண்ணனுக்கு எதற்கு?

"வென்றதும் ஆளும் கட்சியில் சேர்ந்துகொள்ளலாம்" என்றும் இவர்கள் ஆசை காட்டுவார்கள். சுயேச்சையாக வென்றவர் பிறகு ஒரு கட்சியில் சேர்ந்தால் பதவியே போய்விடும். கட்சித் தாவல் தடைச் சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது.

அண்ணனிடம் இன்னொன்றையும் சொல்லுங்கள். உறுப்பினராக இருக்கும் காலம் முழுவதும் மாநில அரசு டெண்டர் பக்கம் தலைவைக்க முடியாது. பக்கத்துத் திருப்பத்தூரில் கே.ஆர். பெரியகருப்பன் 2006, 2011, 2016, 2021 என்று நான்கு தேர்தல்களில் தொடர்ந்து வென்றார். அவ்வளவு நீளமான அரசியல் வாழ்க்கையை அண்ணன் மனத்தில் வைத்திருந்தால், கலவை இயந்திரத்தையும் ரோலரையும் என்ன செய்வது என்று வீட்டில் இப்போதே பேசிவிடுவது நல்லது.

மனுத் தாக்கலுக்கு ஒருநாள் முன்பாவது தேர்தல் செலவுக்கென்று தனி வங்கிக் கணக்குத் தொடங்க வேண்டும். தோற்றாலும் முடிவு வந்த 30 நாளுக்குள் செலவுக் கணக்கைக் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் மூன்றாண்டு தகுதி நீக்கம் வரும். அதற்குள் உங்கள் தரகர் போனை எடுப்பதை நிறுத்தியிருப்பார்.