ஆற்றங்கரை சரிந்து பானை ஓடுகள் தெரிகின்றன: நாங்களே தோண்டலாமா?

கேள்வி: காவேரிப்பட்டணத்துக்குக் கீழே, தென்பெண்ணையை ஒட்டிய எங்கள் பட்டா நிலத்தின் கரை வெள்ளத்தில் சரிந்துவிட்டது. சரிந்த இடத்தில் கறுப்பு-சிவப்புப் பானை ஓடுகளும் சாம்பல் பட்டை ஒன்றும் தெரிகின்றன. அடுத்த மழை இவற்றை அடித்துச் செல்லும் முன் ஊர் இளைஞர்களே தோண்டி எடுத்துவிடலாமா?

பதில்: தோண்ட வேண்டாம். மாநிலத் தொல்லியல் துறையே இந்தியத் தொல்லியல் துறையின் ஒப்புதலைப் பெற்றுத்தான் அகழாய்வு செய்கிறது. எனவே கிராம நிர்வாக அலுவலர் வழியாக மாவட்ட ஆட்சியருக்கும், சென்னையிலுள்ள மாநிலத் தொல்லியல் துறைக்கும் புல எண், படங்கள் ஆகியவற்றுடன் இன்றே எழுதுங்கள். படம் எடுக்கும்போது அளவுகோல் ஒன்றை அருகில் வைப்பது நல்லது.

துறையிலிருந்து வருகிற குழு முதலில் பார்ப்பது ஓட்டின் விளிம்பைத்தான். விளிம்பு மழுங்கி உருண்டிருந்தால், அந்த ஓட்டை ஆறு எங்கிருந்தோ உருட்டி வந்திருக்க வாய்ப்புண்டு. உடைந்த விளிம்பு கூராக இருந்து, ஓடுகள் சாம்பலோடு கிடைமட்டமாகப் படிந்திருந்தால், அங்கேயே மக்கள் வாழ்ந்திருக்கலாம். அவசரமாக மீட்கத் தகுந்தது இரண்டாவதுதான்.

சரிந்த கரை என்பது, மண் அடுக்குகள் தெரியும்படி ஆறே வெட்டிக் கொடுத்த குழிச்சுவர். அழியும் முன் அவசரமாகச் செய்யும் மீட்பு அகழாய்வில் பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும் என்பது என் கருத்து. பொருள்களைத் தேடி ஓடுகிறவர்கள் இதைத்தான் கோட்டைவிடுகிறார்கள். குழுவினர் கொத்துக்கரண்டியால் மேலிருந்து கீழாகச் சுரண்டி, லேசாகத் தண்ணீர் தெளித்தால் மண்ணின் நிற வேறுபாடுகள் எழுந்து தெரியும். அப்போது ஒவ்வொரு அடுக்கின் எல்லையையும் கரண்டி நுனியால் கீறி, எண்ணிட்டு, மனிதத் தடயமே இல்லாத கன்னி மண் வரை அளந்து வரைய வேண்டும். உயரங்களை அளப்பதற்கான நிலைக்குறியை வெள்ளம் எட்டாத மேட்டில் அமைக்காவிட்டால், அடுத்த ஆண்டு அந்த வரைபடத்தை நிலத்தோடு பொருத்த முடியாமல் போய்விடும்.

சாம்பல் பட்டையிலுள்ள கரித்துண்டுகளைக் கையால் தொடாமல், சுத்தமான கரண்டியால் எடுத்து, அலுமினியத் தாளில் பொதிந்து, அடுக்கு எண்ணையும் ஆழத்தையும் எழுதி வைப்பார்கள். இது வெறும் சம்பிரதாயம் அல்ல: இதே மாவட்டத்தின் மயிலாடும்பாறையில் கிடைத்த மாதிரிகளின் காலக்கணிப்புதான், தமிழகத்தில் இரும்புப் பயன்பாட்டைக் கி.மு. 2172 வரை பின்னுக்குக் கொண்டு சென்றது. அந்த முடிவு 2022இல் அறிவிக்கப்பட்டது. அடுக்கு தெரியாமல் பிடுங்கிய கரித்துண்டுக்கு வயது கிடைக்கலாம். ஆனால் அந்த வயது எந்தப் பொருளுக்கு உரியது என்று சொல்ல முடியாது.

பிறகே குழி. அதை ஆற்று விளிம்பில் தொடங்காமல், நிலத்தின் பக்கம் சற்றுத் தள்ளித் தொடங்கி, படிப்படியாக இறங்குவார்கள். மணல் கலந்த கரையில் செங்குத்தாக ஆழம் போனால் சுவர் ஆள்மேல் விழும். தோண்டிய மண்ணைக் கரை ஓரத்தில் கொட்டினால் பாரம் தாங்காமல் கரையே மீண்டும் சரியும். அந்த மண்ணைச் சலித்து, அதில் ஒரு பகுதியைத் தண்ணீரில் அலசினால் கருகிய தானியங்கள் மிதந்து வரும்; ஆறு பக்கத்திலேயே இருப்பதில் உள்ள இன்னொரு லாபம் இது.

உங்கள் பகுதியில் ஜனவரி முதல் மே வரையிலான காலமே இதற்கு ஏற்றது. கோடை மழையும் உண்டு என்பதாலும், கர்நாடகத்தில் பெய்யும் மழைக்குக் கூட கிருஷ்ணகிரி அணையிலிருந்து நீர் திறக்கப்படலாம் என்பதாலும், நீர்வளத் துறையிடம் அன்றாடம் விசாரித்த பிறகே குழிக்குள் இறங்க வேண்டும். குழு வரும்வரை சரிந்த முகத்தின் அடியில் மணல் மூட்டைகளை அடுக்கி, மேலே தார்ப்பாய் போர்த்தி, ஆடுமாடுகள் இறங்காமல் முள் வேலி போட்டு வையுங்கள். ஏற்கெனவே கீழே விழுந்துவிட்ட ஓடுகளை மட்டும், விழுந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, தனிப் பையில் சேர்த்து வைக்கலாம்.