கோவையில் 3 ரவுண்டு தாங்கும் உடம்பு ஊட்டியில் 2-வதிலேயே ஏன் ஓய்கிறது?

ஊட்டியில் எம்எம்ஏ (குத்து, உதை, மல்யுத்தம் கலந்த கூண்டுச் சண்டை) போட்டிக்குப் போகும் நீங்கள், அங்கே ஸ்பாரிங்கில் (பயிற்சிச் சண்டையில்) 2-வது ரவுண்டிலேயே கை தொங்கிப்போனதாகவும், போட்டிக்கு மூன்று நாள் முன்னால் ஊட்டி ஏறப்போவதாகவும் சொல்கிறீர்கள். அந்தத் திட்டத்தை விடுங்கள். முழு 2 வாரம் ஊட்டியில் தங்க முடிந்தால் தங்குங்கள். முடியாதென்றால் எடை பார்க்கும் நாள் காலையில் ஏறினால் போதும். இடைப்பட்ட நாட்களில்தான் தூக்கம் கெட்டு, தலை வலித்து, உடம்பு அடித்துப்போட்டாற்போல் கிடக்கும்.

ஸ்பாரிங்கில் கை தொங்கிப்போனதற்குக் காரணம் பெரும்பாலும் உயரம்தான், பயிற்சிக் குறையல்ல. ஊட்டி சுமார் 2,240 மீட்டர். காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய கால்பங்கு குறைவு. மெக்சிகோ சிட்டியும் இதே உயரம். 2015 ஜூனில் அங்கே நடந்த யுஎஃப்சி 188 என்ற எம்எம்ஏ போட்டியில், தம்முக்கு (மூச்சுத் தாக்குப்பிடிப்புக்கு) பேர்போன வீரர் கெய்ன் வெலாஸ்கெஸே தளர்ந்து 3-ம் ரவுண்டில் கில்லட்டின் என்ற கழுத்து நெரிப்புப் பிடியில் மாட்டித் தோற்றார். ஜெயித்த ஃபாப்ரிசியோ வெர்டும் பல வாரம் முன்பே போய் மலையில் பயிற்சி எடுத்தவர்.

ஒரு சோதனை: 5 நிமிட பேட் ரவுண்டு (பயிற்சியாளர் கையில் பிடிக்கும் மெத்தைப் பட்டையில் அடிக்கும் சுற்று) முடிந்ததும் 15 விநாடி நாடி எண்ணுங்கள், 1 நிமிட ஓய்வுக்குப் பின் மறுபடி எண்ணுங்கள். கோவையிலும் ஊட்டியிலும் செய்து ஒப்பிடுங்கள். ஊட்டியில் நாடி மெதுவாக இறங்கினால், முதல் ரவுண்டில் டேக்டவுனுக்கு (எதிராளியைத் தரையில் வீழ்த்த) மல்லுக்கட்டாதீர்கள். கூண்டோரம் கட்டிப்பிடித்துத் தள்ளுவதுதான் தம்மை அதிகம் குடிக்கும்.

எடைப்பிரிவுக்குள் வரக் குறைக்க வேண்டிய எடையைக் கோவையிலேயே இறக்கிவிடுங்கள். ஊட்டிக் குளிரில் வியர்வை லேசில் வராது. வறண்ட காற்றில் மூச்சு வழியாகவும் நீர் போகும்.

மலைத் தலைவலிக்கென்று டயமாக்ஸ் (அசிட்டசோலமைடு) மாத்திரை போடாதீர்கள். அது நீரிறக்கி மருந்து, உலக ஊக்கமருந்துத் தடைப்பட்டியலில் இருக்கிறது. வாந்தியோ தள்ளாட்டமோ வந்தால் போட்டியை விட்டுவிட்டு உடனே மேட்டுப்பாளையம் இறங்கி மருத்துவரைப் பாருங்கள்.