யூரின் ரிப்போர்ட்ல ஃபேட்டி லிவர் தெரியுமா?

கேள்வி: டாக்டர், எனக்கு 46 வயசு, பனியன் கம்பெனில சூப்பர்வைசர். வெயிட் 82 கிலோ, குடிப்பழக்கம் கிடையாது. மாஸ்டர் செக்கப் எடுத்தப்போ ஸ்கேன்ல கிரேடு 1 ஃபேட்டி லிவர்னு வந்துச்சு, ஊர்ல பாதி பேருக்கு இருக்குனு அதைக் கண்டுக்கல. ஆனா யூரின்ல அல்புமின் கிரியேட்டினின் ரேஷியோ 68னு போட்டு பக்கத்துல ஸ்டார் வெச்சிருக்காங்க, பிஎச் 5.0. யூரின்ல புரோட்டீன் போனா ஃபேட்டி லிவர் முத்திருச்சுனு அர்த்தம்னு மச்சான் யூடியூப்ல பார்த்துட்டு வந்து சொல்றார், தூக்கமே வரல. மூணு மாச சுகர் 6.1, பிபி 138/88, லிவர் டெஸ்ட்ல எஸ்ஜிஓடி 42, எஸ்ஜிபிடி 64, பிளேட்லெட் 2.3 லட்சம்.
– பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: மொதல்ல தூங்குங்க சார். மச்சான் சொன்னதுல பாதி சரி, பாதி பயமுறுத்தல். ஃபேட்டி லிவர் இருக்கிறவங்களுக்கு யூரின்ல அல்புமின்ங்கிற புரோட்டீன் கசியறது மத்தவங்கள விட அதிகமா இருக்குனு பல நாட்டு ஆய்வுகள்ல பார்த்திருக்காங்க, அது உண்மை. ஆனா அந்த நம்பர வெச்சு லிவர் முத்திருச்சா இல்லையானு சொல்ல முடியாது, யூரின்ல வர்ற அல்புமின் கிட்னியோட கதை.

அப்போ ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்னா, இன்சுலின் சரியா வேலை செய்யாம போறதுதான் பொதுவான வேர். லிவர்ல கொழுப்பு சேருது, சுகர் மெல்ல ஏறுது, பிபி ஏறுது, இதெல்லாம் சேர்ந்து கிட்னில இருக்கிற நுண்ணிய ஃபில்டர் மேல வருஷக்கணக்கா அழுத்தம் கொடுக்குது. உங்க தொழில்லயே சொல்லணும்னா, இழுத்து இழுத்து லூசான பனியன் துணில கண்ணு பெரிசாயிடும்ல, அதுமாதிரி ரத்தத்துலயே நிக்க வேண்டிய அல்புமின் வெளிய கசிய ஆரம்பிக்குது. பிஎச்ங்கிறது யூரின் எவ்வளவு அமிலமா இருக்குனு காட்டற நம்பர், கம்மியானா அமிலம் அதிகம்; அந்த விஷயமும் இதே வீட்டுக் கதைதான். இன்சுலின் எடுபடாதப்போ கிட்னி அம்மோனியாவைக் கம்மியா உற்பத்தி பண்ணும், யூரின் அமிலமாவே இருக்கும். ஜப்பான்ல ஹெல்த் செக்கப்புக்கு வந்தவங்கள வருஷக்கணக்கா ஃபாலோ பண்ணினப்போ, யூரின் பிஎச் கம்மியா இருந்தவங்களுக்குப் பின்னாடி ஃபேட்டி லிவர் வர்றது கூடுதலா இருந்துச்சு. அதுக்காக ஒரே ஒரு 5.0ஐ பார்த்து பதறாதீங்க, முந்தின நாள் மட்டன் சாப்பிட்டு காலைல வெறும் வயித்துல கொடுத்தாலே அவ்வளவு வரும். 5.5க்குக் கீழயே எப்பவும் இருந்தாதான் யூரிக் ஆசிட் கல்லு வர்ற வாய்ப்பு அதிகம், அதுக்குத் தண்ணி நல்லா குடிங்க.

இப்போ 68க்கு வருவோம். 30க்குக் கீழ நார்மல், 30லேர்ந்து 300 வரைக்கும் ஆரம்பக் கசிவு, உங்களோடது இந்தக் கட்டம். ஆனா ஒரு தடவை வந்ததை வெச்சு முத்திரை குத்தக்கூடாது. காய்ச்சல், யூரின் இன்ஃபெக்ஷன், முந்தின நாள் ஜிம்ல போட்டு அடிச்சது, இதெல்லாம்கூட தற்காலிகமா ஏத்தி விட்டுரும். காலைல எழுந்ததும் போற மொதல் யூரின்ல, மூணு மாசத்துலேர்ந்து ஆறு மாசத்துக்குள்ள மூணு தடவை பாருங்க, ரெண்டு தடவை 30ஐ தாண்டினாதான் கன்ஃபர்ம். கூடவே கிட்னி எப்படி வேலை செய்யுதுனு காட்டற கிரியேட்டினினையும் ரத்தத்துல பாருங்க.

லிவர் முத்திருச்சானு தெரியணும்னா விடை உங்க கைல இருக்கிற ரிப்போர்ட்லயே இருக்கு, யாரும் கூட்டிப் பார்க்கல, அவ்வளவுதான். ஃபிப்-4னு ஒரு கணக்கு. வயசையும் எஸ்ஜிஓடியையும் பெருக்கணும்: 46 x 42 = 1932. எஸ்ஜிபிடி 64, அதோட வர்க்கமூலம் 8. பிளேட்லெட்ட ஆயிரத்துல எழுதினா 230, ரெண்டையும் பெருக்கினா 1840. 1932ஐ 1840ஆல வகுத்தா 1.05 வருது. 1.3க்குக் கீழ இருந்தா லிவர்ல பெரிய தழும்பு இருக்க வாய்ப்பு ரொம்பக் கம்மி, 2.67க்கு மேல போனா லிவர் டாக்டர பார்த்தே ஆகணும், நடுவுல இருந்தா லிவர் எவ்வளவு இறுகியிருக்குனு பார்க்கிற ஃபைப்ரோஸ்கேன் எடுக்கச் சொல்வோம். (65 வயசு தாண்டினவங்களுக்கு 1.3க்குப் பதிலா 2.0.) ஸ்கேன்ல போடற கிரேடு கொழுப்போட அளவத்தான் சொல்லும், தழும்பச் சொல்லாது, இதைப் புரியாமத்தான் பாதி பேர் கிரேடு 2னதும் அழறாங்க, கிரேடு 1னதும் அலட்சியமா விடறாங்க.

ஆக உங்க லிவர் இப்போதைக்குத் தப்பிச்சுது. எனக்கு உறுத்தறது அந்தப் பிபிதான். அல்புமின் கசிவு கன்ஃபர்ம் ஆச்சுன்னா 138/88ஐ பரவாயில்லனு விடக்கூடாது, கிட்னியையும் சேர்த்துப் பாதுகாக்கிற பிபி மாத்திரைகள் இருக்கு, உங்க டாக்டர்கிட்ட கேளுங்க. வெயிட்ல 7லேர்ந்து 10 சதவீதம், அதாவது 6லேர்ந்து 8 கிலோ இறக்கினா லிவர் கொழுப்பு, பிபி, சுகர் மூணுமே இறங்கும். ஷிஃப்ட் நடுவுல உள்ள போற சர்க்கரை போட்ட டீ, கூட ஒரு பஜ்ஜி, வீட்டுக்குப் போற வழில புரோட்டா, இதுல கை வெச்சாலே பாதி வேலை முடிஞ்சுரும்.

கேள்வி: யூரின் நுரையா போகுது. நான் சைவம், மது வாசனையே ஆகாது. எனக்கு எப்படி ஃபேட்டி லிவர் வரும்? ஆனா ஸ்கேன்ல இருக்குங்கிறாங்க.
– இல்லத்தரசி, காரைக்குடி

பதில்: வேகமா போனாலும் நுரை வரும்மா, கொஞ்ச நேரத்துல அடங்கிடும். அடங்காம சோப்புத் தண்ணி மாதிரியே நின்னா அல்புமின் ரேஷியோ டெஸ்ட் கொடுங்க, ஆனா பீரியட்ஸ் நாள்ல வேண்டாம். சாதாரண யூரின் டெஸ்ட்ல அல்புமின் நில்னு வந்தா மட்டும் போதாது, கம்மியான கசிவு அந்த டெஸ்ட்டுக்கு யூரின்ல முக்கற குச்சில தெரியாது. சைவத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல, தட்டு நிறைய சோறு, ரெண்டு முறுக்கு, ஒரு ஜூஸ், எல்லாம் சைவம்தானே. இடுப்புச் சுத்தளவ டேப் வெச்சு அளங்க, நம்ம ஊர்ப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90, அதுக்கு மேல போனா ரிஸ்க். குடிக்காதவங்களுக்கும் இது வரும்; குடியால வந்தது இல்லனு மட்டும் சொன்ன பழைய மருத்துவப் பேரை 2023ல மாத்தி வளர்சிதை மாற்றக் கோளாறோட சேர்த்தாங்க.

கேள்வி: அம்மாவுக்கு சுகரும் ஃபேட்டி லிவரும் இருக்கு. டபாக்ளிஃப்ளோசின் மாத்திரை ஆரம்பிச்சதுலேர்ந்து யூரின்ல சுகர் மூணு பிளஸ் வருது. நிறுத்திடலாமா?
– வாசகி, மதுரை

பதில்: நிறுத்தாதீங்க. அந்த மாத்திரையோட வேலையே சுகர யூரின் வழியா வெளியேத்தறதுதான், மூணு பிளஸ் வரலன்னாதான் அம்மா மாத்திரைய ஒழுங்கா போடறாங்களானு சந்தேகப்படணும். கிட்னிக்கும் நல்லது. அந்த இடத்துல அரிப்பு வந்தா சொல்லச் சொல்லுங்க, வெட்கப்பட்டு மறைப்பாங்க. வாந்தி, பேதினு சாப்பாடு இறங்காத நாள்ல மட்டும் மாத்திரைய தொடரலாமானு டாக்டர்கிட்ட போன்ல கேட்டுக்கோங்க.

கேள்வி: லிவர் க்ளீன் பண்ற மூலிகைப் பவுடர் குடிக்கிறேன். யூரின் டார்க்கா போகுது, நச்சு வெளியேறுதுனு விக்கிறவர் சொல்றார். சரியா?
– வாசகர், சேலம்

பதில்: பவுடர இன்னிக்கே நிறுத்துங்க. தண்ணி நல்லா குடிச்சும் யூரின் கடுங்காப்பி கலர்ல போனா அது பிலிருபின்ங்கிற பித்த நிறமியா இருக்கலாம், அதாவது மஞ்சக்காமாலை. கொரோனா சமயத்துல எதிர்ப்பு சக்திக்குனு சீந்தில் குடிச்ச சில பேருக்கு லிவர் வீங்கி ஆஸ்பத்திரில சேர்ந்தது நம்ம நாட்டுலயே பதிவாகியிருக்கு. கண்ணு வெள்ளை மஞ்சளா இருக்கானு பகல் வெளிச்சத்துல பாருங்க, நாளைக்கே எல்எஃப்டிங்கிற லிவர் ரத்த டெஸ்ட் எடுங்க, பவுடர் டப்பாவையும் டாக்டர்கிட்ட எடுத்துட்டுப் போங்க.