புதுத் தார் ரோடு போட்டார்கள், வீட்டு வாசல் தாழ்ந்துவிட்டது: என்ன கேட்கலாம், எப்படிக் கேட்கலாம்?

கேள்வி: சென்னைப் புறநகரில் எங்கள் தெருவுக்கு மூன்று வாரத்துக்கு முன் புதிதாகத் தார் போட்டார்கள். பழைய ரோட்டின் மேலேயே போட்டதால் வாசலில் இருந்த இரண்டு படியில் ஒன்று காணாமல் போய்விட்டது. ஓரத்தில் இப்போதே ஜல்லி பெயர்கிறது. "ரோடு வந்ததே பெரிசு, புகார் கொடுத்தால் அடுத்த முறை நம் தெருவை விட்டுவிடுவார்கள்" என்கிறார்கள் பாதிப் பேர். தாழ்வான வீட்டுக்காரர்கள் வாசலில் சிமெண்ட் மேடு கட்டத் தொடங்கிவிட்டார்கள். என்ன செய்வது?

பதில்: உங்கள் தெருவில் இரண்டு புகார்கள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. ரோடு உயர்ந்தது ஒன்று, ஜல்லி பெயர்வது இன்னொன்று. இரண்டுக்கும் காரணம் வேறு, சான்று வேறு, கிடைக்கக்கூடிய பரிகாரமும் வேறு. மனுவில் தனித்தனியாக எழுதுங்கள்.

முதலில் உயரம். பழைய தார்ப்பரப்பை எந்திரத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, அதாவது மில்லிங் செய்துவிட்டு, அதன் பிறகே புதிய அடுக்கைப் போட வேண்டும், வீடுகள் தாழக்கூடாது என்று 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு துறைகளுக்கு அறிவுறுத்தினார். உங்கள் தெருவில் மில்லிங் நடந்ததா என்பதுதான் முதல் கேள்வி. நடந்திருந்தால் தார் விழுவதற்கு முன் ரோட்டில் நீளவாக்கில் வரிவரியாகக் கீறல் தெரிந்திருக்கும். வேலை நடந்தபோது யாராவது போனில் படம் எடுத்திருப்பார்கள். கேட்டு வாங்கி வையுங்கள்.

எவ்வளவு உயர்ந்தது என்பதை அளக்க எளிய வழி, பாதாளச் சாக்கடை மூடி. புதுப் பரப்புக்கும் மூடிக்கும் உள்ள பள்ளம் 5 செ.மீ. என்றால், அங்கே ஏறத்தாழ அவ்வளவு கனம் ஏறியிருக்கிறது. மூடி முன்பே அமுங்கியிருந்தால் இந்தக் கணக்கு தப்பும், அதனால் மூன்று நான்கு மூடிகளில் பாருங்கள். புதுத் தார் முடிந்து குறுக்குத் தெருவின் பழைய தார் தொடங்கும் இடத்தில் உள்ள திண்டையும் அளந்துகொள்ளுங்கள்.

அடுத்தது வாட்டம். கொத்தனாரிடம் உள்ள மட்டக் குழாய் போதும். தார் ரோட்டில் நடுவிலிருந்து ஓரத்துக்குச் சரிவு சுமார் 2 சதவீதம் இருக்க வேண்டும். 6 மீட்டர் அகலத் தெருவென்றால் நடுவைவிட ஓரம் 6 செ.மீ. தாழ்ந்திருக்கும். அது இல்லையென்றாலோ, வடிகால் வாய் புதுத் தாரால் அடைபட்டிருந்தாலோ, மழைத் தண்ணீர் உங்கள் வாசலைத்தான் தேடி வரும். தண்ணீர் தேங்கும் இடத்தில் தார் ஜல்லியை விட்டு உரியும் என்பதால் ரோடும் நிலைக்காது. (சமையலறைத் தண்ணீரையும் துணி துவைத்த தண்ணீரையும் தெருவில் விடும் வீடுகள் இந்த இடத்தில் தங்கள் குழாயையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.)

இனி ஜல்லி. போட்ட முதல் சில நாட்களில் மேலே பொடிக்கல் கொஞ்சம் உதிர்ந்தால் பயப்பட வேண்டாம். மூன்று வாரம் கழித்தும் சாவியால் நெம்பினால் கல் கழன்று வருகிறது என்றால் வேலையில் கோளாறு. கழன்ற கல்லைப் பாருங்கள். கறுப்பாக இல்லாமல் சாம்பல் நிறத்தில் தூசியோடு இருந்தால் தார் குறைவு, அல்லது ஜல்லியில் மண் அதிகம். கல் கறுப்பாகவே இருந்தும் ஒட்டாமல் கிடந்தால், கலவை ஆறிய பிறகு உருட்டியிருக்கக்கூடும். வழக்கமான வி.ஜி. 30 வகைத் தார்க் கலவையைக் கொட்டிப் பரப்பும்போது குறைந்தது 140 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும், 90 டிகிரிக்குக் கீழே போவதற்குள் ரோலர் வேலை முடிந்துவிட வேண்டும். சந்துகளில் போடும் 30 மி.மீ. அடுக்கு சட்டென்று ஆறிவிடும். லாரி தாமதமானாலே போதும், கெட்டுவிடும். அடுக்கு மொத்தமாகத் தோசைபோல் உரிந்து வந்தால் கோளாறு அடியில்: பழைய பரப்பைக் கூட்டிச் சுத்தம் செய்யவில்லை, அல்லது ஒட்டுவதற்காகத் தெளிக்கும் எமல்ஷனை, அதாவது தண்ணீரில் கலந்த தாரை, ஒழுங்காகத் தெளிக்கவில்லை. சதுர மீட்டருக்கு 200 முதல் 300 கிராம்தான் அது. மிச்சம் பிடிக்க ஆசைப்படுபவர்கள் முதலில் கைவைக்கும் இடமும் அதுதான்.

ஓரத்தில் மட்டும் பெயர்வதற்குப் பெரும்பாலும் வேறு காரணம்: ரோலர் சுவர் ஓரம் வரை போவதில்லை, தார் விளிம்புக்கு வெளியே மண் அணைப்பும் இல்லை. ஓரத்தை வெட்டி எடுத்து, சிறிய அதிர்வு எந்திரத்தால் இறுக்கி, கிராவல் அணைத்தால் சரியாகிவிடும். கேட்டால் செய்யக்கூடிய வேலைதான்.

"அடுத்த முறை ரோடே வராது" என்ற பயத்துக்கு அடிப்படை இல்லை. ஒப்பந்தத்தில் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் என்று ஒன்று இருக்கும். அந்தக் காலத்துக்குள் வரும் பழுதைக் கான்ட்ராக்டர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும், அவருடைய வைப்புத் தொகையும் அதுவரை பிடித்து வைக்கப்பட்டிருக்கும். வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்தப் பணம் அப்படியே அவருக்குத் திரும்பிப் போகும்.

அளவுகள், படங்கள், வீட்டு எண்களோடு உள்ளாட்சி உதவிப் பொறியாளருக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். சென்னை மாநகராட்சி எல்லைக்குள் என்றால் புகார் எண் 1913, மற்ற இடங்களில் முதல்வரின் உதவி மையம் 1100. கூடவே 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு மனுப் போடுங்கள். கேட்க வேண்டியவை: வேலையின் மதிப்பீட்டு நகல், முடிந்த வேலையைப் பொறியாளர் அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தின் பக்கங்கள், தரப் பரிசோதனை அறிக்கை, குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடியும் தேதி. 30 நாளில் பதில் வர வேண்டும். அளவுப் புத்தகத்தில் மில்லிங் செய்ததாக எழுதியிருந்து, தெருவில் நடக்கவில்லை என்றால், அதைவிடப் பெரிய சான்று வேறில்லை. வேலையை நேரில் பார்வையிடவும், சான்றிட்ட மாதிரி எடுத்துத் தரச் சொல்லவும் அதே சட்டம் உரிமை தருகிறது. பலர் இதைப் பயன்படுத்துவதே இல்லை.

ஆனால் போட்டு முடித்த ரோட்டை முழுவதும் சுரண்டி மறுபடி போடுவார்கள் என்று நம்பிக் காத்திருக்காதீர்கள். மூடிகளை உயர்த்துவது, வடிகால் வாய்களைத் திறந்துவிடுவது, ஓரத்தைச் சுரண்டித் தண்ணீருக்கு வழி விடுவது ஆகிய மூன்றையும் மழைக்கு முன் வற்புறுத்திக் கேளுங்கள்.

வாசல் சிமெண்ட் மேடுகளை இப்போதே நிறுத்தச் சொல்லுங்கள். தெருவில் கட்டும் மேடு தண்ணீரை அடுத்த வீட்டுக்குத் தள்ளும், ஆக்கிரமிப்பு என்று இடிக்கவும் செய்வார்கள். மேடு வேண்டுமானால் கேட்டுக்கு உள்ளே, 10 முதல் 15 செ.மீ. உயரத்தில், இரண்டு பக்கமும் சாய்வாகப் போடலாம். அதற்கும் உட்புறம் குறுக்காக ஒரு கால்வாய் வெட்டி, மேலே இரும்புக் கம்பிச் சட்டம் வைத்து, மழைநீர்த் தொட்டியோடு இணைத்துவிடுங்கள். தாழ்ந்த வீடுகளில் மழையின்போது சாக்கடைத் தண்ணீர் கழிவறை வழியே எதிர்த்து வருவதும் உண்டு. அந்த வீடுகளுக்கு, சாக்கடை இணைப்பில் தெருவுக்கு முந்திய தொட்டியில் ஒருவழி வால்வு பொருத்தச் சொல்லுங்கள். அதன் மூடி நாக்கில் குப்பை சிக்கினால் வேலை செய்யாது, மழைக்காலத்துக்கு முன் கழற்றிக் கழுவ வேண்டும்.