டெனிஸ்லி மேஸ்திரி பேசுவது தப்புத் துருக்கியா?

கேள்வி: துருக்கியின் டெனிஸ்லி நகரில், துண்டு நெய்யும் ஆலை ஒன்றில் தரம் பார்க்கும் வேலையில் சேர்ந்திருக்கிறேன். செயலியில் படித்த ‘கெலியொருஸ்’ (வருகிறோம்) இங்கே ‘கெலியொஸ்’ என்று காதில் விழுகிறது. ‘கெலியொர்’ (வருகிறது) என்பதற்கு மேஸ்திரி ‘கெலிப் துரு’ என்கிறார். இதெல்லாம் கொச்சை, தனி வகுப்பு வேண்டும் என்று ஒரு ஏஜென்ட் பணம் கேட்கிறார். சேரலாமா?

பதில்: சேராதீர்கள். ‘கெலியொஸ்’ வெறும் சுருக்கம். நாம் வருகிறோம் என்பதை வர்றோம் என்கிறோமே, அதுதான். இரண்டு வாரத்தில் காது பழகிவிடும்.

‘துரு’தான் சுவையான விஷயம். துர் என்றால் நில். ‘வந்து நிற்கிறது’ என்பதே அங்கே ‘வந்துகொண்டிருக்கிறது’ என்று ஆகிவிட்டது. இது கொச்சை என்றால் பாடப்புத்தகத்து ‘யொர்’ மட்டும் என்ன? அதுவும் ஒரு காலத்தில் ‘நட’ என்ற பொருளுள்ள யொரி என்ற வினையாக இருந்து, தேய்ந்து விகுதியானதுதான். பாடப்புத்தக மொழிக்கு அடிப்படையான இஸ்தான்புல் நடந்தது, டெனிஸ்லி நின்றது, அவ்வளவே.

ஆனால் ஓர் இடத்தில் கவனம் தேவை. இஸ்தான்புல் பேச்சிலும் ‘கெலிப் துருயொர்’ உண்டு. அங்கே அதன் பொருள் ‘ஓயாமல் வந்துகொண்டே இருக்கிறது’. நம் ஏகாரம் செய்கிற வேலை, கொஞ்சம் சலிப்போடு. மேஸ்திரி ‘கம்யொன் கெலிப் துரு’ என்றால் லாரி வழியில் இருக்கிறது, அவ்வளவுதான். அதையே நீங்கள் இஸ்தான்புல் வாடிக்கையாளரிடம் சொன்னால், லாரி வந்து வந்து தொல்லை தருகிறது என்று முறையிடுவதாக நினைத்துக்கொள்வார். அதனால் கேட்கும்போது துரு, நீங்கள் பேசும்போது யொர். மெயிலில் கண்டிப்பாக யொர்.

அப்புறம், ‘வருகிறாய்’ என்பதைச் சிலர் ‘கெலியொங்’ என்பார்கள். நம் ங் ஒலியேதான். துருக்கி மொழியை முன்பு எழுதிவந்த அரபு எழுத்துமுறையில் அதற்குச் ‘செவிட்டு கெஃப்’ என்று ஓர் எழுத்துகூட இருந்தது. 1928இல் லத்தீன் எழுத்துக்கு மாறியபோது அதைக் கழற்றிவிட்டார்கள். இப்போது அந்த ஒலியைக் கிராமத்தான் பிழை என்கிறார்கள்! கிராமம் கிராமமாகப் பேச்சுச் சொற்களைத் திரட்டி 1963 முதல் 1982 வரை 12 தொகுதி அகராதி போட்ட நாடு அது. வெளிநாட்டவருக்கான பாடநூலில் அதற்கு ஒரு பக்கம் ஒதுக்க மட்டும் மனம் வரவில்லை.

சரி, உங்கள் ஏஜென்ட். அடுத்து ‘வட்டார வழக்கு மொழிபெயர்ப்பு’ என்று ஒப்பந்தத்துக்கும் குடியிருப்பு அனுமதிக்கும் இரட்டைக் கட்டணம் கேட்பார், பாருங்கள். அந்தத் தாள்கள் எல்லாமே பொதுத் துருக்கியில்தான் இருக்கும். ஒரு காசு கூடுதலாகக் கொடுக்காதீர்கள். சந்தேகம் வந்தால் தேநீர் இடைவேளையில் மேஸ்திரியையே கேளுங்கள்.