சூரியன் நாலாம் நாள்னா முதல் நாள் வெளிச்சம் ஏது?

சண்டே கிளாஸ்ல உங்க பொண்ணு கேட்டது செம கேள்விங்க, தயவுசெஞ்சு திட்டிடாதீங்க. பைபிளோட முதல் புத்தகமான ஆதியாகமத்துல கடவுள் வெளிச்சத்தைப் படைச்சது முதல் நாள், சூரியனைப் படைச்சது நாலாம் நாள், இன்னைக்கு இல்ல, சுமார் 1600 வருஷம் முன்னாடியே அகஸ்டின்ங்கற கிறிஸ்தவ அறிஞர் இதுக்காக மண்டைய உடைச்சுக்கிட்டு அந்த நாள் நம்ம சாதாரண நாள் இல்லன்னு எழுதிட்டாரு. சிலபேரு உடனே அது பிரபஞ்சம் தொடங்கின பிக் பேங் வெளிச்சம்தான்னு ஆரம்பிப்பாங்க, சூரியனுக்கு வயசு 460 கோடி வருஷம், பிரபஞ்சத்துக்கு 1380 கோடி, அதனால வெளிச்சம் முன்னாடியே இருந்துச்சுங்கறது கரெக்ட்தான், ஆனா ஆதியாகமத்துல செடி கொடி சூரியனுக்கு முன்னாடி மூணாம் நாளே முளைச்சுடுதே, அங்க மாட்டிக்குவீங்க. என்னைக் கேட்டா பைபிளையும் சயின்ஸையும் பொருத்திப் பாக்கவே வேணாம். பிக் பேங் ஐடியாவுக்கு அடித்தளம் போட்ட லெமைத்ரே ஒரு கத்தோலிக்க பாதிரியார், 1951ல போப் அதை படைப்போட முடிச்சு போட்டு பேசினப்ப லெமைத்ரேவுக்கே பிடிக்கல. இந்தக் கதைய பொண்ணுகிட்ட சொல்லிப் பாருங்க.