திருநகர் நோட்டும் ஸ்டுட்கார்ட் சம்பளமும்

தம்பி, உங்க கேள்வியை முதல்ல சுருக்கமா எழுதிடறேன், படிக்கிற மத்தவங்களுக்கும் புரியட்டும். திருநகர்ல வீடு. மதுரையிலேயே ஐ.டி. வேலை, பிடித்தம் போக கைக்கு 78,000 ரூபா வருது, மாசச் செலவு 32,000. வீட்டுல நீங்க, மனைவி, நாலு வயசுப் பையன், அம்மா. ஜெர்மனியில ஸ்டுட்கார்ட் கம்பெனி ஒண்ணு வருசத்துக்கு 60,000 யூரோ தர்றதா லெட்டர் அனுப்பியிருக்கு. விலைவாசி ஒப்பிடுற ஒரு தளத்துல பார்த்தா மதுரையை விட நாலு மடங்கு செலவுன்னு வருது, சம்பளம் ஆறு மடங்கு, "அப்போ கிளம்பலாம்தானே அண்ணே"ன்னு கேட்டிருக்கீங்க.

நான் பழங்காநத்தத்துல வளர்ந்தவன். 2016 நவம்பர்ல ஸ்டுட்கார்ட் வந்தேன், இப்போ பக்கத்துல எஸ்லிங்கன்ல குடியிருக்கோம். கிளம்புறதுக்கு முன்னாடி நானும் இதே பெருக்கலைத்தான் போட்டேன். அதனால நிதானமா எழுதுறேன், பொறுமையா படிங்க.

முதல்ல சம்பளம். 60,000ங்கிறது பிடித்தத்துக்கு முந்தின தொகை. மாசம் 5,000 யூரோன்னு பேரு. அதுல ஓய்வூதியத்துக்கு 9.3 சதவீதம், வேலையில்லாக் காப்பீட்டுக்கு 1.3 சதவீதம், மருத்துவக் காப்பீட்டுக்கும் முதுமைப் பராமரிப்புக் காப்பீட்டுக்கும் சேர்த்து கிட்டத்தட்ட 10 சதவீதம், இதுக்கு மேல வருமான வரி. உங்க மனைவி இங்க உங்களோட வந்து குடியிருந்து, அவங்களுக்கு வருமானம் இல்லேன்னா வரி குறைவாப் பிடிக்கிற மூணாம் வரி வகுப்பு உங்களுக்குக் கிடைக்கும், கைக்கு சுமார் 3,500 வரும். "நான் முதல்ல போறேன், அவங்க மதுரையில இருக்கட்டும்"னு தனியா வந்தீங்கன்னா கல்யாணம் ஆனவரா இருந்தாலும் ஒண்ணாம் வகுப்புதான், 3,100 பக்கம்தான் வரும். இந்த 400 யூரோ வித்தியாசத்தை யாரும் சொல்லமாட்டாங்க. இன்னொண்ணு, இங்க வந்து முகவரி பதியுறப்போ மதம் என்னன்னு கேப்பாங்க. கத்தோலிக்கம், இல்லேன்னா புராட்டஸ்டன்ட்டுன்னு எழுதினா ஸ்டுட்கார்ட் இருக்கிற மாநிலத்துல வருமான வரியில இன்னொரு 8 சதவீதம் திருச்சபை வரியா பிடிப்பாங்க. உங்களுக்கு இது பொருந்துமோ என்னவோ, தெரிஞ்சு எழுதுங்க.

இப்போ செலவு. அந்தத் தளம் போடுற கூடையில என்ன இருக்குன்னு பாருங்க. ஹோட்டல் சாப்பாடு, பீர், ஜிம், சினிமா டிக்கெட், ஜீன்ஸ். திருநகர் வீட்டுல ஒரு மாசத்துக்கு இதெல்லாம் எவ்வளவு வாங்குறீங்க? அது வேற யாரோட வீடோ. உங்க வீட்டுச் செலவு உங்க மனைவி எழுதி வைக்கிற நோட்டுலதான் இருக்கு. பால், மளிகை, சிலிண்டர், கேபிள், பெட்ரோல் எல்லாம் அதுல இருக்கும். அதை எடுத்து வச்சுக்கிட்டு, அதுல எழுதாம விட்டது என்னன்னு யோசிங்க. சிக்கலே அங்கதான்.

வாடகைங்கிற வரியே உங்க கணக்குல இல்லை. ஏன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, 7 லட்சம் ஒத்திக்கு இருக்கீங்க. அந்தப் பணம் பேங்குல கிடந்தா 7 சதவீதம்னாலும் வருசத்துக்கு 49,000 வரும், மாசம் 4,000. அதுதான் உங்க வாடகை. பையன் ஸ்கூல் ஃபீஸ் 72,000 வருசத்துக்கு ஒரு தடவை கட்டுறதால மாசக் கணக்குல ஏறலை, அது மாசம் 6,000. கல்யாணம், காதுகுத்து, மொய், கோயில் கொடை எல்லாம் சேர்த்து மாசம் 3,000ன்னு குறைச்சே வைப்போம். உசிலம்பட்டிப் பக்கம் வயல்ல இருந்து அரிசி வந்துடுதுன்னு சொன்னீங்க, கடையில வாங்கினா ஒரு 2,000. ஆக 32,000 இல்லை தம்பி, 47,000. மிச்சம் 46,000 இல்லை, 31,000. இதை வச்சுத்தான் ஒப்பிடணும்.

இதுலயும் காசா எழுத முடியாதது ஒண்ணு இருக்கு. மாட்டுத்தாவணி மார்க்கெட்டுல காய் வாங்கினா கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் கொசுறா பையில விழும். இங்க ஒரு கைப்பிடி கறிவேப்பிலைப் பாக்கெட் ஒரு யூரோவுக்கு மேல. கறிவேப்பிலை போகட்டும், வாழ்க்கையிலயே எத்தனை கொசுறு இருக்குன்னு மதுரையில இருக்கிற வரைக்கும் தெரியாது. அம்மா பையனைப் பார்த்துக்கிறாங்க. மச்சான் ஓடிவந்து ஃபேனை மாட்டிக் கொடுக்கிறார். தெருமுக்குல இஸ்திரி போட ஆள் இருக்கு. கரண்ட்டுல முதல் கொஞ்சம் யூனிட்டுக்குக் காசில்லை. டவுன் பஸ்ல மனைவிக்கும் அம்மாவுக்கும் டிக்கெட் இல்லை. ரேஷன் அரிசி வீட்டுக்கு வருது. இது ஒண்ணுகூட நோட்டுல வராது, ஆனா எஸ்லிங்கன்ல இதுல பாதி யூரோவா மாறும். பிள்ளையைப் பார்த்துக்கிற இடத்துக்குக் கீட்டான்னு பேரு. எங்க பொண்ணுக்குச் சாப்பாட்டோட சேர்த்து மாசம் 300 யூரோவை ஒட்டிக் கட்டினோம். பெர்லின்ல கீட்டாவுக்குக் கட்டணம் கிடையாது, சாப்பாட்டுக்கு மட்டும்தான். மாநிலத்துக்கு மாநிலம், ஊருக்கு ஊர் மாறும். அதனால ஜெர்மனியில செலவு எவ்வளவுன்னு பொதுவா கேக்காதீங்க, ஊர் பேரைச் சொல்லிக் கேளுங்க.

வீட்டைப் பத்திக் கொஞ்சம் விரிவாவே சொல்லணும். விளம்பரத்துல ரெண்டு வாடகை இருக்கும். ஒண்ணு கால்ட்மீட்டெ, வெறும் சுவருக்கான வாடகை. இன்னொண்ணு வார்ம்மீட்டெ, அதோட ஹீட்டர், தண்ணி, குப்பை, மாடிப்படி சுத்தம் எல்லாம் சேர்ந்தது. கரண்ட் பெரும்பாலும் இதுலயும் சேராது. எங்க வீடு 70 சதுர மீட்டர், வெறும் வாடகை 1,100, எல்லாம் சேர்த்து 1,400. அந்தக் கூடுதல் 300ங்கிறது முன்பணம் மாதிரி. வருசக் கடைசியில கணக்குப் பார்த்து, அதிகம் செலவழிச்சிருந்தா பாக்கி கேட்டுக் கடுதாசி வரும். வந்த முதல் குளிர்காலத்துல எனக்கு இது தெரியலை. ஹீட்டர் திருகுல 1 முதல் 5 வரைக்கும் எண் போட்டிருக்கும். நான் ராத்திரியும் பகலும் 5லயே வச்சுட்டு, மூச்சு முட்டுதுன்னு ஜன்னலைச் சாய்ச்சுத் திறந்து வச்சிருந்தேன். அடுத்த வருசம் 612 யூரோ கட்டச் சொல்லிக் கடுதாசி வந்தது. அன்னைக்கு அது எங்களுக்கு ஒன்றரை மாசச் சாப்பாட்டுக் காசு.

அட்வான்ஸுக்கு இங்க காவ்ட்சியோன்னு பேரு. வெறும் வாடகையில மூணு மாசத்துக்கு மேல கேக்கச் சட்டம் விடாது. அதையும் மூணு தவணையாக் கட்டுற உரிமை உங்களுக்கு இருக்கு. நான் இது தெரியாம ஒரே நாள்ல மொத்தத்தையும் கட்டிட்டு, அந்த மாசம் சகோதரர் ஒருத்தர்கிட்டக் கைமாத்து வாங்கினேன்.

வீட்டுச் சாவி கையில வந்த அன்னைக்கு நானும் என் மனைவியும் சமையல் அறைக்கதவைத் திறந்தோம். உள்ளே ஒண்ணுமே இல்லை. மேடை இல்லை, அடுப்பு இல்லை, தொட்டி இல்லை. சுவர்ல ரெண்டு தண்ணிக் குழாயோட வாய் மூடி கிடந்தது, கூரையில பல்பு மாட்டுற ஹோல்டர்கூட இல்லாம ஒயர் மட்டும் தொங்குச்சு. பழைய குடித்தனக்காரர் சமையல் அறையைக் கழட்டி எடுத்துக்கிட்டுப் போயிருந்தார். இங்க வழக்கமே அதுதான். ஆறு வாரம் ஒரு இண்டக்‌ஷன் பிளேட்டை ஸ்டூல் மேல வச்சுச் சமைச்சோம், பாத்திரத்தைக் குளியலறையில கழுவினோம். மதுரையில இருந்து 23 கிலோ பெட்டியில எடையைப் பார்த்துப் பார்த்துக் கொண்டுவந்த குக்கர் அலுமினியம், இண்டக்‌ஷன்ல சூடே ஏறலை. என் மனைவி அதைத் துடைச்சு மறுபடியும் பெட்டிக்குள்ளேயே வச்சாங்க. நீங்க வாங்குறதா இருந்தா அடி தட்டையான எவர்சில்வர் குக்கர், இண்டக்‌ஷன் முத்திரை இருக்கான்னு பார்த்து வாங்குங்க. சமையல் அறை போட எங்களுக்கு 2,300 யூரோ ஆச்சு, அதுவும் நானே மாட்டினது.

இதுவரைக்கும் படிச்சுட்டுப் பயந்துடாதீங்க. மதுரையில நாம காசைக் கொட்டுற சில இடங்கள்ல இங்க கையைவிட்டுத் தனியா எதுவும் போகாது. அரசுப் பள்ளிக்கு ஃபீஸ் இல்லை, பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க எல்லாரும் அங்கதான் படிக்கிறாங்க. வருமானம் இல்லாத மனைவியும் பிள்ளையும் உங்க மருத்துவக் காப்பீட்டுலயே கூடுதல் சந்தா இல்லாமச் சேருவாங்க. என் பொண்ணுக்கு நாலு வயசுல நெஞ்சுச்சளி முத்தி அஞ்சு நாள் ஆஸ்பத்திரியில இருந்தா. வீட்டுக்கு அனுப்புறப்போ கவுண்டர்ல காசு கட்டணும்னு நான் கார்டை எடுத்துக்கிட்டு நின்னேன், அந்த அம்மா "நீங்க போகலாம்"னு சொன்னாங்க. வெளியில வந்து கொஞ்ச நேரம் அப்படியே பஸ் ஸ்டாப்புல உக்காந்துட்டேன். எங்க அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தப்போ நாங்க முதல்ல நகையைத்தான் எண்ணினோம்.

பிள்ளைக்கு அரசு மாசாமாசம் கிண்டர்கெல்ட் தரும், 2025ல 255 யூரோ, 2026ல 259. ஊருக்குள்ள ரயில், டிராம், பஸ் எல்லாத்துக்கும் ஒரே மாசச் சீட்டு இருக்கு. 2023 மே மாசம் 49 யூரோவுக்கு வந்தது, இப்போ 63 ஆயிடுச்சு, நாடு முழுக்கச் செல்லும், தொலைதூர விரைவு ரயிலுக்கு மட்டும் செல்லாது. வண்டி வாங்கவேண்டிய அவசரம் இல்லை.

சரி, உங்க கணக்கை நானே போட்டுப் பார்த்தேன். யூரோ 100 ரூபான்னு வச்சுக்குவோம். சம்பளம் 3,500, கிண்டர்கெல்ட் சேர்த்து 3,750க்கு மேல. வாடகை 1,400. கரண்ட் 70. நெட், போன் 60. டிவி இருந்தாலும் இல்லேன்னாலும் வீட்டுக்கு ஒலிபரப்புக் கட்டணம் 18.36. சாப்பாடு 480, ஈழத்தமிழர் கடையில அரிசி, உளுந்து, உறைஞ்ச முருங்கைக்காய் எல்லாம் கிடைக்கும், வெளியில சாப்பிடாம இருந்தா இது போதும். ரெண்டு பேர் மாசச் சீட்டு 126. கீட்டா 300. துணிமணி, முடிவெட்டு, மருந்து, சின்னச் சின்னது 250. மொத்தம் 2,700 சொச்சம். மிச்சம் ஆயிரத்தைத் தாண்டும்.

இங்கதான் பலரும் கணக்கை மூடிடறாங்க. உங்களுக்கு ரெண்டு வீடு, தம்பி. நீங்க கிளம்பினா மதுரைச் செலவு நிக்காது. அம்மா திருநகர்ல இருப்பாங்க. அவங்க சாப்பாடு, மருந்து, மருத்துவக் காப்பீடு, ராத்திரித் துணைக்கு ஒரு ஆள், எல்லாம் சேர்த்து 25,000 ரூபா வைங்க, 250 யூரோ. அம்மா அங்க இருக்கிற வரைக்கும் ஒத்திப் பணம் 7 லட்சமும் அங்கேயே இருக்கும், அதை எடுத்து இங்க செலவுக்கு வச்சுக்கலாம்னு நினைக்க முடியாது. அப்புறம் டிக்கெட். மதுரைக்கு இங்க இருந்து நேர் விமானம் இல்லை, மாறித்தான் வரணும். பையன் பள்ளியில சேர்ந்துட்டா லீவு சொல்லிட்டு வரவும் முடியாது, பள்ளி நாள்ல ஊருக்குக் கூட்டிப்போனா அபராதம் உண்டு. இந்த மாநிலத்துல பெரிய லீவு ஜூலைக் கடைசியில தொடங்கி செப்டம்பர் வரைக்கும், அப்பத்தான் டிக்கெட் விலையும் உச்சத்துல இருக்கும். போன தடவை மூணு பேருக்கு 2,700 யூரோ கொடுத்தேன். சித்திரையில அழகர் ஆத்துல இறங்குறதை என் பொண்ணு இன்னும் நேர்ல பார்த்ததில்லை. போன்லதான் பார்க்கிறா, இங்க நடுராத்திரியில எழுந்து உக்காந்து. டிக்கெட்டுக்கு மாசம் 200 ஒதுக்குங்க. இப்போ கையில நிக்கிறது 600க்குக் கொஞ்சம் முன்னப்பின்ன.

ஆக 31,000 ரூபா மிச்சம் 60,000 ஆகுது. நல்ல தொகைதான், நான் மறுக்கலை. ஆனா ஆறு மடங்கு இல்லை, ரெண்டு மடங்குக்கும் சரியா வராது. அதுவும் முதல் வருசம் கிடையாது. காவ்ட்சியோன் 3,300, சமையல் அறை 2,300, கட்டில், மெத்தை, வாஷிங் மெஷின், குளிர்கால உடுப்புன்னு 1,800, வீடு கிடைக்கிற வரைக்கும் தற்காலிகமாத் தங்குறது, வர்ற டிக்கெட். சேர்த்தா 9,000 யூரோவை நெருங்கும். உங்க மிச்சத்துல அது பதினஞ்சு மாசக் காசு. காவ்ட்சியோன் மட்டும் வீட்டைக் காலி பண்றப்போ திரும்பி வரும். கிளம்புறப்போ கையில இந்தத் தொகை இல்லேன்னா நகைக் கடன்லதான் முடியும், அதோட வட்டியையும் மதுரைக் கணக்குல எழுதணும். நான் அப்படித்தான் வந்தேன், நகையை மீட்க ரெண்டு வருசம் ஆச்சு.

உங்க மனைவி பி.காம். படிச்சிருக்காங்கன்னு எழுதியிருந்தீங்க. உங்களுக்கு ப்ளூ கார்டு, அதாவது படிச்சவங்களுக்கான வேலை விசா, கிடைச்சா அவங்க வந்த நாள்ல இருந்தே வேலை பார்க்க அனுமதி உண்டு. ஆனா ஜெர்மன் மொழி தெரியாம கணக்கு வேலை கிடைக்கிறது கஷ்டம். அவங்க இப்பவே மதுரையில இருந்தபடி ஆன்லைன்ல படிக்க ஆரம்பிக்கட்டும். இங்க நாலஞ்சு வருசத்துல கால் ஊன்றின குடும்பங்களைப் பார்த்தா, பெரும்பாலும் ரெண்டு பேரும் சம்பாதிக்கிறவங்க.

கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி கம்பெனிகிட்ட இதை எழுத்துல கேளுங்க. மூணு பேருக்கும் டிக்கெட் தருவாங்களா, முதல் ரெண்டு மூணு மாசம் தங்க ஏற்பாடு உண்டா, இடம் மாறுறதுக்குன்னு தனித் தொகை உண்டா. கூச்சப்படாதீங்க, இங்க இதைக் கேக்கிறது வழக்கம்தான். ஆபீஸ் ஸ்டுட்கார்ட்ல எந்தப் பக்கம்னும் கேட்டு எழுதுங்க. எஸ்1 ரயில் போற வழியா இருந்தா எஸ்லிங்கன், ப்ளோகிங்கன் பக்கம் வீடு பார்க்கலாம், எனக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்க. அதுக்குள்ள அந்த நோட்டை எடுத்து, அம்மாவைப் பக்கத்துல வச்சுக்கிட்டுக் கடந்த பன்னிரண்டு மாசத்தையும் கூட்டிப் பாருங்க. அவங்களுக்கு மாசம் எவ்வளவு வேணும்னு நாம வைக்கிற கணக்கும் அவங்க சொல்ற கணக்கும் ஒண்ணா இருக்காது.